சாயந்திரம் ஆறு மணி ஷரத்து

பண்டசோழநல்லூர்,
மார்கழி 9.

கரையாம்புத்தூர் உரக்கடை முதலாளியும், என் மகன் நவநீதனுக்குப் பெண் கொடுத்த புண்ணியவானும் ஆகிய சம்மந்தி சுப்பராயலு அவர்களுக்கு, சிங்காரவேலு கும்பிட்டு எழுதிக்கொண்டது. இங்கே நானும் வள்ளிநாயகியும் மகனும் மருமகளும் இரண்டு மாடும் மூன்று காணிக் கரும்பும் சுகம். அங்கே தாங்களும் சம்மந்தியம்மா விஜயகுமாரியும் சுகமாகத்தான் இருப்பீர்கள். இருக்காமல் இன்னா, உங்கள் பெண்தான் இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறதே.

கோபித்துக்கொள்ளாதீர்கள். வெண்ணிலா குணத்தில் தங்கம், வேலையில் புலி, பெரியவர்களுக்கு மரியாதை கொடுப்பதில் குறை சொல்ல முடியாது. அந்த மரியாதையோடேயே என் மானத்தை வாங்குகிறது, அதுதான் என் புகார். போனில் சொல்லலாம் என்றால் நான் வாயைத் திறந்த உடனே சிரிக்கிறீர்கள். போன வாரம் கூப்பிட்டபோது, "கையெழுத்து போட்டது நீங்கதான சம்மந்தி, அனுபவிங்க" என்று சொல்லி, கடையில் ஆள் நிற்கிறது என்று வைத்துவிட்டீர்கள். ஆகவே எழுத்து மூலமாகக் கேட்கிறேன். தலைப்பொங்கலுக்கு எப்படியும் பெண்ணையும் மாப்பிள்ளையையும் அழைக்க வருவீர்கள். அழைத்துப் போகிறவர்கள் பெண்ணை மட்டும் மாசி முடிகிற வரைக்கும் அங்கேயே வைத்துக்கொள்ளுங்கள். தையிலும் மாசியிலும் நம் பக்கத்தில் மூன்று நிச்சயதார்த்தம் இருக்கிறது. மூன்றிலும் லக்னப் பத்திரிகை நான்தான் வாசித்தாக வேண்டும். உங்கள் பெண் ஊரில் இருந்தால் அது நடக்காது. நடக்கவில்லை என்றால் இந்தச் சிங்காரவேலு அப்புறம் எந்தச் சபையிலும் உட்கார முடியாது.

என் யோக்கியதை உங்களுக்குத் தெரியும். எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்பில் பாதி. மீதிப் பாதிக்குப் பள்ளிக்கூடமும் என்னைத் தேடவில்லை, நானும் அதைத் தேடவில்லை. ஆனால் குரல் கொடுத்தான் கடவுள். நெட்டப்பாக்கத்திலிருந்து உங்கள் கரையாம்புத்தூர் எல்லை வரைக்கும் இருபத்திரண்டு வருஷமாக எந்த வீட்டு நிச்சயம் என்றாலும், தாம்பூலத் தட்டு வைத்ததும், "எங்கப்பா சிங்காரவேலு?" என்றுதான் தேடுவார்கள். நான் எழுந்து துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, மஞ்சள் தடவின தாளைக் கையில் வாங்கி, "நிகழும் மங்களகரமான" என்று இழுத்தேனானால் சமையல்கட்டில் வடை சுடுகிறவள்கூட கரண்டியை நிறுத்துவாள். அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது, இதுவரைக்கும் யாரிடமும் சொன்னதில்லை, உங்களிடம் சொல்கிறேன். நான் அந்தத் தாளைப் பார்ப்பதே இல்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? எல்லாப் பத்திரிகையும் ஒன்றுதான். பெண் பேர், பிள்ளை பேர், அப்பன்மார் பேர், தேதி, நட்சத்திரம், மண்டபம். இந்த ஆறையும் முன்கூட்டியே யாரையாவது காதில் சொல்லச் சொல்லிவிட்டால் மீதி எல்லாம் தானாக வரும். கண்ணை மூடிக்கொண்டால் இன்னும் நன்றாக வரும். ஜனங்களும் நான் பக்தியில் கண்ணை மூடுகிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆனி மாதம் நம் பிள்ளைகளின் நிச்சயம் வந்தது. மாப்பிள்ளையின் தகப்பனே பத்திரிகை வாசிக்கும் வழக்கம் எங்கும் கிடையாது. இருந்தாலும் நீங்களே, "உங்க குரல வுட்டா வேற யாரு சம்மந்தி" என்றீர்கள். நான் உச்சி குளிர்ந்து போய் வாசித்தேன். தாளில் வழக்கத்தைவிடப் பத்து வரி கூடுதலாக இருந்ததைப் பார்க்கத்தான் பார்த்தேன். உங்கள் பக்கத்துப் பங்காளிகள் பேராக இருக்கும், விட்டுப்போனால் சண்டைக்கு வருவார்கள் என்று போட்டிருக்கிறார்கள் என நினைத்து நானே விட்டுவிட்டேன். வாசித்தேன், கையெழுத்துப் போட்டேன், நீங்களும் போட்டீர்கள், தட்டு மாற்றினோம், சாப்பிட்டோம், பாயசம் பிரமாதம். பத்திரிகையை நெட்டப்பாக்கத்தில் கம்ப்யூட்டர் கடையில் டைப் அடித்தது யார் என்று நான் கேட்டேனா? அங்கே வேலை பார்த்த உங்கள் பெண்ணேதான் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

ஆவணியில் கல்யாணம். மறுவீடு விருந்தெல்லாம் முடிந்து வந்த அன்று சாயந்திரம் நான் கால் நீட்டி உட்கார்ந்திருக்கிறேன், வள்ளிநாயகி டிவிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள், சீரியலில் ஒருத்தி இன்னொருத்திக்குப் பாலில் என்னமோ கலக்கப் போகிறாள், பொட்டென்று டிவி அணைந்தது.

"இன்னாம்மா, கரெண்ட் போச்சா?" என்றேன்.

"இல்ல மாமா. மணி ஆறு."

"ஆறானா?"

உங்கள் பெண் சாமி படத்துக்குப் பின்னால் சொருகி இருந்த லக்னப் பத்திரிகையை எடுத்து வந்து கண்ணில் ஒற்றிக்கொண்டு நிறுத்தி நிதானமாக வாசித்தது. என் குரலைப்போல் இல்லை, ஆனால் ஒவ்வொரு எழுத்தும் காதில் விழுந்தது. "திருமணத்திற்குப் பின் மணமகன் இல்லத்தில் நாள்தோறும் மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை தொலைக்காட்சியையும் கைப்பேசியையும் நிறுத்திவிட்டு, வீட்டில் உள்ள அனைவரும் புத்தகம் வாசிக்க வேண்டியது. வயது, மூட்டுவலி, கண்ணாடி இல்லாமை, கரும்பு வெட்டு ஆகிய காரணங்கள் ஏற்கப்பட மாட்டா. அந்நேரம் விருந்தினர் வந்தால் அவர்களுக்கும் ஒரு புத்தகம் தரவேண்டியது."

"யார் எழுதனது இது?" என்று கத்தினேன்.

"எழுதனது நான் மாமா. ஆனா வாசிச்சது நீங்க. சபையில நூறு பேர் கேட்டாங்க."

எவன் கேட்டான்? நூறு பேரும் கேட்டது என் குரலைத்தானே! நான் வாசிக்கவில்லை என்று சொன்னால் இருபத்திரண்டு வருஷக் குட்டு வெளியே வந்துவிடும். வாசித்தேன் என்றால் ஆறு மணிக்குப் புத்தகம் எடுக்க வேண்டும். சம்மந்தி, கரும்புக் காட்டில் காட்டுப்பன்றிக்கு வலை கட்டுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? பன்றிக்காவது ஓடிப் பார்க்க ஒரு பக்கம் திறந்திருக்கும். என் மகன் நவநீதனைப் பார்த்தேன். அவன் ஏற்கெனவே ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு முகத்தை மறைத்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. படித்துக் குலுங்குகிறானா, என்னைப் பார்த்துக் குலுங்குகிறானா என்று இன்றுவரை தெரியாது.

எனக்கு எந்தப் புத்தகம் கொடுத்தது தெரியுமா? யானைப் படம் போட்டது. பெரிய பெரிய எழுத்து, பக்கத்துக்கு நாலு வரி. ஐம்பத்து மூன்று வயசு ஆம்பிளை, இரண்டு சங்கத்தில் மெம்பர், கையில் யானைப் படம்! "இதுல இருந்து ஆரம்பிக்கலாம் மாமா" என்று மரியாதையாகச் சொன்னது. அந்தக் குட்டியானை கூட்டத்தை விட்டுத் தனியாகப் போய் ஒரு ரயில் பாலத்தில் ஏறி நிற்கிறது. தூரத்தில் ரயில் வருகிறது. நான் எழுத்துக்கூட்டி "கூ... கூவி..." என்று அதுவரைக்கும் வந்து சேர்ந்தபோது மணி ஏழு அடித்தது, உங்கள் பெண் புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்தது. "அம்மா, அந்த யானை இன்னா ஆச்சு?" என்றேன். "நாளைக்கு ஆறு மணிக்கு மாமா" என்றது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. இது மனுஷன் செய்கிற காரியமா?

சரி, என்னை விடுங்கள். வள்ளிநாயகியை என் கையிலிருந்து பறித்ததைத்தான் மன்னிக்க முடியாது. ஐந்தாவது வரை படித்தவள், முப்பது வருஷமாக ஒரு காகிதத்தையும் தொடாமல் என் பேச்சைக் கேட்டுக்கொண்டு ஒழுங்காக இருந்தாள். எனக்குப் புடலங்காய் பிடிக்காது. வீட்டில் புடலங்காய் பொரியல் செய்தால், "பேப்பர்ல போட்டிருக்கான், புடலங்கா சாப்ட்டா முழங்கால்ல நீர் கட்டுமாம்" என்பேன். அவளுக்கு அவள் அக்கா ஊர் திருவிழாவுக்குப் போக ஆசை வந்தால், "பேப்பர்ல போட்டிருக்கான், அந்தப் பக்கம் எல்லாம் காய்ச்சலாம்" என்பேன். வேட்டி துவைப்பதிலிருந்து மீன் குழம்பில் புளி வரைக்கும் என் குடும்பத்தைப் பேப்பரை வைத்துத்தான் நடத்தி வந்தேன். இப்போது உங்கள் பெண் நிஜமாகவே பேப்பர் வரவழைக்கிறது. போன புதன்கிழமை புடலங்காய்க் கூட்டு. நான் வழக்கப்படி, "பேப்பர்ல போட்டிருக்கான்" என்று ஆரம்பித்தேன்.

"எந்தப் பேப்பரு?" என்றாள் வள்ளிநாயகி.

"அதான்... டீக்கடைல வருமே..."

"எந்தத் தேதி? எத்தினியாவது பக்கம்? எடுத்துனு வாய்யா, நானும் படிக்கிறேன்."

இரண்டு கரண்டி கூட்டு கூடவே போட்டாள். சாப்பிட்டேன். முழங்காலில் ஒன்றும் கட்டவில்லை என்பது வேறு கதை.

அதோடு நின்றாளா? எனக்கு பிரஷருக்குக் கொடுத்த மாத்திரை பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தை விரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். விதியே என்று இரண்டு வருஷமாக வெற்றிலை போடுகிற மாதிரி நினைத்தபோது போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது விடிந்து எழுந்ததும் தலைமாட்டில் மாத்திரையும் தண்ணீரும் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அப்புறம் உங்கள் கடையில் வாங்கிய குருத்துப்பூச்சி மருந்து. ஒரு டேங்குக்கு மூன்று மூடி ஊற்றச் சொன்னது யார்? நீங்கள். காகிதத்தில் ஒரு மூடி என்றுதான் இருக்கிறதாம். "உன் சம்மந்தி படிச்சிட்டுத்தான் விக்கிறாரா?" என்று கேட்கிறாள். நான் உங்களை விட்டுக்கொடுக்காமல், "அவருக்கு அனுபவம்" என்றேன். அனுபவத்துக்கு மூடி கணக்கு இல்லையா என்று கேட்டாள். இதற்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

வீட்டுக்குள் இருந்தது தெருவுக்கு வந்ததையும் கேளுங்கள். எதிர்வீட்டு ஆண்டாள் ஒருநாள் ஆறேகால் மணிக்கு உறைமோர் வாங்க வந்தாள். ஷரத்துப்படி உங்கள் பெண் அவள் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்தது. உறைமோரை மறந்துவிட்டு ஏழு மணிக்குத்தான் எழுந்தாள். மறுநாள் மோர் வேண்டாமலேயே வந்தாள், கூட இரண்டு பேர். இப்போது பதினான்கு பேர். என் வீட்டு வராந்தாவில் எனக்கு உட்கார இடமில்லை. தெருவில் எந்த ஆம்பிளைக்கும் ஆறு மணி டீ கிடையாது. எல்லோரும் வந்து என்னிடம், "இன்னா சிங்காரம், உன் மருமவ செய்யறது நல்லாகீதா?" என்று சண்டை பிடிக்கிறார்கள். அந்தப் பதினான்கு பேரும் சும்மா படித்துவிட்டுப் போனால் பரவாயில்லை. கண்ணில் படுகிற எழுத்தையெல்லாம் நின்று படிக்க ஆரம்பித்துவிட்டார்கள். பஸ் போர்டு, உர மூட்டை, போஸ்டர், எதையும் விடுவதில்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஏதோ சர்டிபிகேட்டுக்குப் போன ஆண்டாள் அங்கே பலகையில் ஒட்டியிருந்த நோட்டீசையும் நின்று படித்திருக்கிறாள். தங்கள் வாய்க்காலைத் தூர்வார வேண்டும் என்கிற ஊர்க்காரர்கள் இந்தத் தேதிக்குள் மனு கொடுங்கள் என்று போட்டிருந்ததாம். நம் ஆம்பிளைகள் நாலு வருஷமாக டீக்கடையில் உட்கார்ந்து அந்த வாய்க்காலுக்காகக் கத்துகிறோம். நானே இரண்டு முறை மேஜையைத் தட்டியிருக்கிறேன். பெண்பிள்ளைகள் பதினான்கு கையெழுத்தோடு மனு கொடுத்தார்கள், அதையும் இரண்டு முறை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டார்களாம். மூன்றாம் வாரம் மெஷின் வந்து தூர்வாரிவிட்டது. தண்ணீர் இப்போது என் கரும்புக்கும் வருகிறது. நாலு வருஷம் கத்தின எங்கள் தொண்டைக்கு இன்னா மரியாதை?

இதையும் பொறுத்தேன். கார்த்திகையில் குமரவேல் வீட்டு நிச்சயத்தில் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. குமரவேல் என் கூடக் கரும்பு வெட்டிய சிநேகிதன், அவன் மகளுக்கு நிச்சயம். வழக்கம்போல் என்னைத் தேடினார்கள், எழுந்தேன், துண்டைக் கட்டினேன், தாளை வாங்கினேன், கண்ணை மூடினேன். "நிகழும்" என்று இழுத்தேன். முன்வரிசையில் இருந்து ஆண்டாள் குரல் வந்தது.

"அண்ணே, கண்ணத் தொறந்து படி."

சபை சிரித்தது. நான் ஒரு கண்ணைத் திறந்து, "பக்தி ஆண்டாளு, பக்தி" என்றேன்.

"பக்திய கோயில்ல வெச்சிக்கோ. இங்க பொண்ணு வாழ்க்க. எழுத்துமேல வெரல வெச்சிப் படி."

வைத்தேன், சம்மந்தி. யானை புத்தகத்தில் நாலு வரிக்கு ஒரு நாள் ஆகிறவன், பத்திரிகையில் எட்டாவது வரிக்கு வரும்போது வேர்த்துக் கொட்டியது. காபி ஆறிப்போனது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் கொட்டாவி விட்டார். குமரவேல் மெதுவாக என் பக்கத்தில் வந்து, "சிங்காரம், கோச்சிக்காத, மிச்சத்த உன் மருமவ படிக்கட்டும், முகூர்த்த நேரம் போவுது" என்றான். உங்கள் பெண் எழுந்து வந்து, முதலில் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, தாளை வாங்கி இரண்டு நிமிஷத்தில் வாசித்து முடித்தது. ஒரு கிழவர், "பொம்பளப் புள்ள படிச்சாலும் நல்லாத்தாம்பா கீது, புரியுது" என்றார். புரிகிறதாம்! இருபத்திரண்டு வருஷமாகப் புரியவில்லை என்று அந்த மனுஷன் ஒரு நாளாவது சொன்னாரா?

ஆகையால் சம்மந்தி, கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்காமல், இதை ஒரு வேண்டுகோளாக எடுத்துக்கொண்டு, மாசி முடிகிறவரை பெண்ணை அங்கே வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாத இரண்டு மாதத்தில் சபையில் என் இடத்தைப் பழையபடி பிடித்துவிடுவேன். ஆண்டாளைச் சமாளிக்க எனக்குத் தெரியும். நம்பிக்கை இல்லாவிட்டால் அந்த ஷரத்தை நீங்களே படித்துப் பாருங்கள், பத்திரிகையை அப்படியே நகல் எழுதி இதோடு வைத்து அனுப்புகிறேன். இந்தக் கடிதம் எழுத எனக்குப் பத்து சாயந்திரம் பிடித்தது; அடுத்தவர் எழுத்தைப் படிக்கத்தான் திணறுகிறேன், என் வாயில் வருவதை எழுத அவ்வளவு கஷ்டமில்லை. எழுதுவதும் படிப்பதில் சேர்த்திதான் என்று உங்கள் பெண் பெரிய மனது பண்ணி அனுமதி கொடுத்தது. தங்கள் வீட்டில் நெல்லும் நிம்மதியும் நிறைந்திருக்க எங்கள் குலதெய்வம் துணை இருக்கட்டும். சம்மந்தியம்மாவுக்கு என் வணக்கத்தையும், வள்ளிநாயகியின் விசாரிப்பையும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
மிகவும் நொந்துபோன,
சிங்காரவேலு.

பின்குறிப்பு: மேலே எழுதினது எதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டாம். நகல் எழுதலாம் என்று இன்றைக்குப் பத்திரிகையை எடுத்து எழுத்துமேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதினேன். பக்கத்தின் அடியில் மஞ்சள் கறையோடு "மறுபக்கம் பார்க்க" என்று இருந்தது. சாமி படத்துக்குப் பின்னால் போன தாளை நம் பக்கத்தில் யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? திருப்பினேன். இரண்டு வரிதான். முக்கால் மணி நேரம் படித்தேன், இரண்டு தடவை. "இதே ஷரத்து மணமகளின் பிறந்த வீட்டாருக்கும் பொருந்தும். மணமகளின் தகப்பனார், அவருடைய மனைவி விஜயகுமாரியை வாரம் ஒருமுறை தம் வண்டியில் நூலகத்துக்கு அழைத்துச் சென்று, அவர் போதும் என்று சொல்லும்வரை வெளியே காத்திருக்க வேண்டியது."

சம்மந்தி! எனக்கு அனுபவி என்று சொல்லிச் சிரித்தீர்களே, உங்கள் கையெழுத்து என்னுடையதைவிடப் பெரிதாக இருக்கிறது!

உங்கள் பெண்ணைக் கூப்பிட்டு, "ஏம்மா, நாலு மாசமா எங்கள வறுத்தெடுக்கிறியே, இத மட்டும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன். "அப்பா கடைல பார்சல் சுத்தி வர்ற காகிதத்த அம்மா பிரிச்சி வெச்சினு படிப்பாங்க மாமா. அப்பா கூப்புட்ட உடனே கசக்கிப் போட்டுட்டு ஓடுவாங்க. கடைசி வரைக்கும் ஒண்ணக்கூட படிச்சி முடிச்சதில்ல. அப்பா கிட்ட நேரா சொல்ல பயம். எழுதி வெச்சேன். யாராவது ஒருத்தர் படிப்பீங்கன்னு காத்துனு இருந்தேன்" என்றது. நான் வாசித்த அன்றைக்குக் கண்ணைத் திறந்திருந்தால் அந்த அம்மாவுக்கு ஆனியிலேயே நூலகம் கிடைத்திருக்கும். அதில் பாதி என் தப்பு, பாதி உங்களுடையது.

பெண் இங்கேயே இருக்கட்டும். தையிலும் மாசியிலும் வருகிற மூன்று பத்திரிகையையும் அதுவே வாசிக்கட்டும், நான் பக்கத்தில் நின்று தாளைப் பிடித்துக்கொள்கிறேன். வருகிற சனிக்கிழமை சாயந்திரம் நாங்கள் நாலு பேரும் அங்கே வருகிறோம். உங்கள் கடையில் நான் உட்கார்ந்துகொள்கிறேன், நீங்கள் வண்டியை எடுங்கள்.

இதைச் சம்மந்தியம்மாவுக்கு நீங்கள் படித்துக் காட்ட வேண்டாம். கடிதத்தை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு, முடிக்கிற வரைக்கும் கூப்பிடாமல் இருங்கள்.